இடப்பக்கம் திரும்பி நின்ற வண்டி

போனில் புருஷன் பேசியது அரை நிமிஷம்கூட இருக்காது. அந்த அரை நிமிஷப் பேச்சை வைத்துக்கொண்டு குஷன்காரி மிச்ச வாரத்தை ஓட்டினாள்.

"சனிக்கிழமை வரேன். வண்டிய ஓடுற மாதிரி பண்ணி வை. அந்தச் சிக்னல மட்டும் தம்பிகிட்டச் சொல்லிச் சரி பண்ணச் சொல்லு" என்றார். அவ்வளவுதான். ஏழு வருஷம் கழித்து வாயைத் திறக்கிற மனுஷன், இருக்கிறாயா போனாயா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. அவளாவது நாலு கேள்வி கேட்டிருக்கலாம். அவளும் "சரிங்க" என்று சொல்லிவிட்டு, வைத்துவிட்ட போனைக் காதிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

குஷன்காரி என்பது தெரு வைத்த பெயர். கார், வேன், பள்ளிக்கூட பஸ் என்று எது வந்தாலும் சீட்டுக்கு உறை தைத்துக் கொடுப்பாள். வீட்டின் முன்னறை முழுக்க ரெக்ஸின் சுருளும் பஞ்சுத்தூளும்தான். வந்தவர்கள் உட்கார இடம் தேட வேண்டும். அவள் புருஷனுக்கும் பெயர் தேவைப்படவில்லை, டிரைவர் என்றால் போதும். சொந்தமாக ஒரு பழைய கார் வைத்து வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தவர். வாடகை குறைந்துபோய், தூரத்துப் பட்டணத்தில் லாரி கம்பெனியில் வேலை என்று பஸ் ஏறிப் போனார். முதலில் வாரம் தவறாமல் போன் வந்தது. பிறகு மாசத்துக்கு ஒன்று. அப்புறம் அவள் போட்டால் எடுக்க ஆள் இல்லை. அங்கே அவருக்கு இன்னொரு குடும்பம் ஆகிவிட்டது என்று யாரோ பார்த்ததாக யாரோ சொன்னதை நாலு பேர் நாலு விதமாக அவள் காதில் போட்டார்கள். அவள் ஒன்றையும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. மிஷினை இன்னும் வேகமாக மிதித்தாள், அவ்வளவுதான்.

இப்போது வருகிறேன் என்கிறார். வண்டிக்காக வருகிறாரா, தனக்காக வருகிறாரா? அவளுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

தம்பிக்கு அதில் சந்தேகமே இல்லை. அவன் கார்களுக்கு வயரிங் வேலை பார்க்கிறவன், நாக்கு கொஞ்சம் நீளம். புதன்கிழமை காலையில் சாமான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தவன் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான்.

"வரேன்னு சொன்னாராக்கும். பஸ் ஏறுன அன்னைக்கும் வரேன்னுதான்க்கா சொன்னாரு. நம்ம ஆளுங்க வரேன்னா வர்றதுக்கும் அதான், போறதுக்கும் அதான்."

"வேலையப் பாக்க வந்தியா, வாய் வளக்க வந்தியா?" என்று தேநீர் டம்ளரை அவன் கையில் திணித்துவிட்டு அவள் ஷெட் கதவைத் திறந்தாள்.

வீட்டை ஒட்டித் தகரம் வேய்ந்த ஷெட். அதற்குள் கார் நின்றது. உருண்டையான முகம், குரோமியம் பம்பர், நீளமான மூக்கு. அவர் ஓட்டிக்கொண்டிருந்தபோதே வயசான வண்டிதான். ஏழு வருஷமாக ஓடவில்லை என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள், அப்படித் துடைத்து வைத்திருந்தாள். சீட்டுக்கு இரண்டு தடவை புது உறை தைத்துப் போட்டாயிற்று. டயர்களில் வெடிப்பு விழக்கூடாது என்று நாலுக்கும் தடித்த துணியில் பாவாடை மாதிரி உறை தைத்துச் சுற்றியிருந்தாள். தம்பி மாசம் ஒரு தடவை வந்து இன்ஜினை ஓடவிட்டுப் போவான். டயருக்குக் காற்றை அவளே பம்பால் அடித்துவிடுவாள். ஆனால் வண்டியை ஓர் அங்குலம் நகர்த்த அவனுக்கு அனுமதி கிடையாது. அவர் விட்ட இடத்தில் அவர் விட்டபடி நிற்க வேண்டும், வந்து பார்க்கும்போது போன அன்றைக்குப் பார்த்த மாதிரியே இருக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் அவளிடம் யாரும் வாய்கொடுத்து ஜெயித்ததில்லை.

சிக்னல் கெட்டது நேற்றைய கதை அல்ல. ஸ்டியரிங்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியை இடமோ வலமோ தள்ளினால் அந்தப் பக்கத்து விளக்கு மினுக்கும். வண்டி திரும்பி முடிந்து ஸ்டியரிங் நேரானதும் குச்சி தானாகவே நடுவுக்கு வந்து விளக்கு அணைய வேண்டும். அவருடைய வண்டியில் இடப்பக்கம் போட்டால் குச்சி வராது. கையால்தான் எடுத்துவிட வேண்டும். அவரோ மறதி மன்னன். இடப்பக்கம் சிக்னலைப் போட்டுவிட்டுச் சந்தை வரைக்கும் நேராகப் போவார். பின்னால் வருகிறவன் திரும்பப்போகிறார் திரும்பப்போகிறார் என்று காத்திருந்து காத்திருந்து, கடைசியில் தாண்டிப் போகும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டுப் போவான். பக்கத்தில் அவள் இருந்தால் "அணைங்க" என்பாள். வெளியே போய் வந்தால் அவர்கள் இரண்டு பேரும் அதிகமாகப் பேசிக்கொண்ட வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். அதற்கே இப்போது அவள் ஏங்கினாள் என்றால் என்ன சொல்வது.

தம்பி பாட்டரி வயரைக் கழற்றிவிட்டு முன்சீட்டில் உட்கார்ந்தான். ஹார்ன் மூடியை அழுத்தித் திருகி எடுத்தான். அடியில் பெரிய நட்டு. அதைக் கழற்றுமுன் சாக்பீஸால் ஸ்டியரிங் சக்கரத்திலும் நடுத்தண்டிலும் சேர்த்தாற்போல் ஒரு கோடு இழுத்தான். தண்டைச் சுற்றி நுணுக்கமான பற்கள் உண்டு. திரும்ப மாட்டும்போது ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலும் கோணல்தான். நட்டு கழன்றும் சக்கரம் அசையவில்லை. இழுத்துக் கழற்றுகிற புல்லரை மாட்டி முறுக்கினான், எண்ணெய் விட்டான், வையவும் செய்தான். கடைசியில் படக்கென்று கழன்று அவன் மடியிலேயே வந்து விழுந்தது.

உள்ளே பார்த்தால் சிக்கல் கையகல இடத்தில் இருந்தது. குச்சியோடு சேர்ந்த தட்டில் இரண்டு குட்டி நகங்கள். ஸ்டியரிங் திரும்பி வரும்போது சக்கரத்தின் அடியிலிருக்கும் மேடு அந்த நகத்தில் இடித்துக் குச்சியைத் தள்ளிவிட வேண்டும். ஒரு நகம் ஒடிந்து தூளாகிக் கிடந்தது. அதன் ஸ்பிரிங்கைக் காணவே காணோம். வயர்களோ ஒரு காலத்தில் பச்சை, சிவப்பு, மஞ்சள். இப்போது எல்லாம் ஒரே அழுக்கு நிறம்.

இந்த வண்டிக்குச் சாமான் எங்கேயும் கிடைக்காது என்று தம்பி கையை விரித்தான். அப்படியே விட்டுவிடலாம், வருகிறவர் வேண்டுமானால் செய்துகொள்ளட்டும் என்பது அவன் கட்சி. அவள் விடுகிற ஜாதி இல்லை. தன் தையல் சாமான் டப்பாவைக் கொண்டுவந்து தரையில் கொட்டினாள். கெட்டியான நைலான் துண்டு ஒன்று அதில் கிடந்தது. ஓரம் கட்டிவிட்டிருந்த பழைய தையல் மிஷினிலிருந்து நூல் பிடிக்கிற ஸ்பிரிங்கையும் கழற்றிக் கொடுத்தாள். வயர்கள் மாறிப்போகாமலிருக்க ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிற நூலைக் கட்டினாள். தம்பி முனகிக்கொண்டே நைலானை அராவினான். வைத்துப் பார்ப்பான், எடுப்பான், மறுபடி அராவுவான். மழை வரும்போல் இருட்டிக்கொண்டு வந்து, ஏமாற்றிவிட்டுப் போயிற்று. தகரத்தின் வெக்கையில் இரண்டு பேரும் வியர்த்து வடிந்தார்கள். மத்தியானம் சோறும் பொரித்த முட்டையும் தட்டில் போட்டு ஷெட்டுக்கே கொண்டுவந்தாள். காரின் மூக்கில் தட்டை வைத்துச் சாப்பிடப் போனவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

சாப்பிடும்போது அவன் மெதுவாகக் கேட்டான். "ஒருவேளை வண்டிய மட்டும் எடுத்துட்டுப் போறதுக்கு வந்தாருன்னா என்னக்கா பண்ணுவ?"

"ஏன், எனக்காகவும் வரலாமில்ல?"

"வரலாம். அப்ப எதுக்குச் சிக்னலப் பத்திப் பேசணும்?"

"என்ன பேசறதுன்னு தெரியாமப் பேசியிருப்பாருடா. அவருக்கு என்னைக்குப் பேசத் தெரிஞ்சுது? வெக்கமா இருந்திருக்கும். வண்டியச் சாக்கா வச்சு வராரு."

தம்பி முட்டையை எடுத்து வாயில் திணித்துக்கொண்டான். எதிர்த்துப் பேசக்கூடாது என்று அவன் பெண்டாட்டி சொல்லி அனுப்பியிருந்தாள்.

வியாழக்கிழமை நகம் கச்சிதமாக உட்கார்ந்தது. பசை காயட்டும், நாளைக்குச் சக்கரத்தை மாட்டலாம் என்று அவன் போய்விட்டான். வெள்ளிக்கிழமை காலை அவன் வருவதற்குள் அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. மண்ணெண்ணெயும் துணியும் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போனாள். எத்தனை வருஷத்துப் பிசுக்கு அந்தத் தண்டில்! துடைத்தாள். சக்கரத்தின் பின்பக்கம், நடு ஓட்டை, ஒன்றையும் விடவில்லை. தம்பி வந்து பார்த்தபோது எல்லாம் பளபளவென்று இருந்தது. சாக்பீஸ் கோடு இருந்த சுவடே இல்லை.

"கோடு எங்கக்கா?"

"எந்தக் கோடு? அழுக்குன்னு நெனச்சுத் துடைச்சிட்டேன்."

அவன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இருந்தாலும் அக்காவை என்ன செய்ய முடியும்? பரவாயில்லை, நிற்கிற வண்டிதானே, சக்கரம் நேராகத் தெரிகிற மாதிரி மாட்டினால் ஆயிற்று என்று கண்திட்டத்தில் மாட்டி நட்டை முறுக்கினான். பாட்டரியைக் கொடுத்துக் குச்சியைத் தள்ளினான். டிக் டிக் என்று இடப்பக்க விளக்கு சுவரில் மஞ்சளாக மினுக்கியது. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஒடித்துத் திருப்பினான். குச்சி டக்கென்று நடுவுக்கு வந்தது, விளக்கு அணைந்தது. வலப்பக்கமும் அப்படியே. குஷன்காரி சின்னப்பிள்ளை மாதிரி கை தட்டினாள். இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று அவனைப் போடச் சொல்லிப் பார்த்தாள்.

அதோடு நிறுத்தியிருந்தால் அவனும் தப்பு தெரியாமல் போயிருப்பான். சும்மா ஒரு திருப்திக்காக முழுக்க வளைத்துப் பார்த்தான். வலப்பக்கம் சுற்று சுற்றாகப் போய்க்கொண்டே இருந்தது. இடப்பக்கமோ கொஞ்சம் போனதும் முட்டிக்கொண்டு நின்றது. எங்கேயோ உதைக்கிறதே என்று சக்கரத்தைப் பழையபடி நேராக வைத்துவிட்டு இறங்கி, முன் டயரின் துணிப்பாவாடையைத் தூக்கினான்.

டயர் நன்றாக இடப்பக்கம் திரும்பி நின்றது. ஏழு வருஷத்துக்கு முன் அவர் வண்டியை உள்ளே வளைத்து நிறுத்தி, ஸ்டியரிங்கை நேராக்காமலே இறங்கிப் போயிருக்கிறார். அதன்மேல் இவள் உறை போட்டு மூடிவிட்டாள். அது தெரியாமல் தம்பி, திரும்பி நிற்கிற டயருக்கு நேரான ஸ்டியரிங்கை மாட்டியிருக்கிறான்.

"சுத்தம்" என்றான் தம்பி. இப்படியே ரோட்டில் இறங்கினால் ஒரு பக்கம் சிக்னல் போட்டதுமே விழும், இன்னொரு பக்கம் விழவே விழாது என்று விளக்கினான். வண்டியை வெளியே எடுக்க வேண்டும். நேரான ரோட்டில் கொஞ்சம் உருட்டி, அது நேராகப் போகிறபோது நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றி மாட்ட வேண்டும். வேறு வழி இல்லை.

"இங்கேயே வச்சுப் பண்ண முடியாதா?"

"நேரா ஓட விட்டாத்தான்க்கா நேர் எதுன்னு தெரியும்."

"நாளைக்கு அவர் வந்து பாக்கறப்ப அவர் விட்ட எடத்துல இருக்கணும்டா."

தம்பி அப்போதுதான் பொறுமை இழந்தான். "அவர் விட்ட எடத்துல நீ இருக்கியே, அது போதாதா?"

அவள் ரொம்ப நேரம் காரின் மூக்கைத் தடவிக்கொண்டு நின்றாள். பிறகு அடுத்த வீட்டுத் தச்சரைக் கூப்பிட்டு வரச் சொன்னாள். தச்சரும் தம்பியும் பின்னாலிருந்து தள்ள, ஜன்னல் வழியாகக் கைவிட்டு அவளே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வண்டி முனகிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தது. தெருக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள், அவர்களுக்குத்தான் எதுவென்றாலும் மூக்கில் வேர்த்துவிடுமே. நேரான இடத்தில் வண்டியை நிறுத்தித் தம்பி சக்கரத்தைக் கழற்றி ஒழுங்காக மாட்டினான். இன்ஜினைப் போட்டுத் தெருவை இரண்டு தரம் சுற்றி வந்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் சிக்னல் சொன்னபடி கேட்டது. அதற்குள் அவள் ஷெட்டைப் பெருக்கப் போனாள். அத்தனை பெரிய இடமா அது! துடைப்பத்தை மூலையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

சனிக்கிழமை முற்பகலில் அவர் வந்தார். கையில் ஒரு பையும் இல்லை. தங்க வருகிறவர் பை இல்லாமல் வருவாரா என்று தெருவே யோசித்திருக்கும். அவள் யோசிக்கவில்லை. தலையில் பாதி முடி போயிருந்தது, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்தார். அதைத்தான் பார்த்தாள்.

ரெக்ஸின் சுருளை நகர்த்தி நாற்காலி போட்டாள். தேநீர் கொடுத்தாள். அவர் நுனியில் உட்கார்ந்து டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். எந்தச் சீட்டுக்கு உறை தைக்கிறாய் என்று கேட்டார். பள்ளிக்கூட பஸ்ஸுக்கு என்றாள். மிஷின் புதுசா என்றார். ஆமாம் என்றாள். கதவோரத்தில் நின்ற தம்பி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் அவளே கேட்டாள். "இருப்பீங்களா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "முதுகு போயிடுச்சும்மா. லாரி ஓட்ட முடியல. இந்த வண்டி இருந்தா அங்கயே வாடகைக்கு ஓட்டிப் பொழைச்சுக்குவேன்." பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அங்க ஒரு பொண்ணு இருக்கு எனக்கு. நாலு வயசு."

யாரோ சொன்னதாக யாரோ சொன்னது எல்லாம் நிஜம்தான் போலிருக்கிறது.

தம்பி அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போனான். சாவியைக் கொடுக்காதே, ஏழு வருஷம் காப்பாற்றினது நீ, எந்தப் பஞ்சாயத்துக்கும் நான் வருகிறேன் என்று படபடத்தான். அவள் ஆணியிலிருந்து சாவியை எடுத்துத் துணியில் துடைத்தாள்.

"கொடுக்கலைன்னா மட்டும் இங்க இருப்பாராடா? வண்டிதான் இருக்கும். வெறும் வண்டிய வச்சுக்கிட்டு இன்னும் எத்தனை வருஷம் தொடைக்கறது?" என்றாள். "எனக்கு அவர்தான்டா வேணும். இப்பவும் அவர்தான் வேணும். கிடைக்காதுன்னு தெரிஞ்சா வேணாம்னு ஆயிடுமா?"

முன்னறைக்கு வந்து சாவியை அவர் கையில் வைத்தாள். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள், பெரிய ரோடு முக்கு வரைக்கும் தன்னை ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்று. அவர் தலையாட்டினார்.

முன்சீட்டில், அவருக்குப் பக்கத்தில், தான் தைத்த உறையின்மேல் உட்கார்ந்தாள். தெரு முனையில் அவர் சிக்னல் போட்டார். திரும்பியதும் அவள் வாய் அணைங்க என்று சொல்லத் திறந்தது. அதற்குள் குச்சி டக்கென்று தானாக நடுவுக்கு வந்துவிட்டது. அடுத்த திருப்பத்திலும் அப்படியே. சொல்வதற்கு இருந்த ஒரு வார்த்தையும் இல்லாமல் போயிற்று. தம்பி நல்லா வேலை செஞ்சிருக்கான் என்று அவர் சொன்னார். ஆமாம் என்றாள். பாக்கித் தூரம் முழுக்க அவர் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். அதே கைதான், நகத்தோரத்தில் அதே கறுப்பு.

முக்கில் இறங்கிக்கொண்டாள். "முதுகுக்குப் பின்னாடி ஒரு திண்டு தச்சு வச்சிருக்கேன், சீட்டோட சேத்து. சாஞ்சு ஓட்டுங்க" என்றாள். எல்லாம் பழைய பழக்கத்தில் தைத்தது, முதுகு போன கதை அவளுக்கு எங்கே தெரியும்? அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து ஒரு நிமிஷம் அப்படியே இருந்தார். பிறகு நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை நகர்த்தினார்.

பெரிய ரோடு அங்கிருந்து ஒரு வளைவும் இல்லாமல் ஆற்றுப்பாலம் வரைக்கும் நீண்டு கிடக்கிறது. வானம் மறுபடியும் இருட்டியிருந்தது. வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடின. கார் இடப்பக்கச் சிக்னலைப் போட்டுக்கொண்டு ரோட்டில் ஏறித் திரும்பியது. மஞ்சள் விளக்கு இரண்டு மூன்று தரம் மினுக்கிற்று. வண்டி நேரானதும் அணைந்தது. அப்புறம் முன்னால் பின்னால் போகிற லாரிகளுக்கும் வேன்களுக்கும் நடுவில் எது அவர் வண்டி என்று அவளுக்குப் பிடிபடவில்லை. எட்டி எட்டிப் பார்த்தாள், ரோட்டோரக் கல்லின்மேல் ஏறிக்கூடப் பார்த்தாள். எல்லாப் பின்விளக்கும் ஒரே சிவப்பு.

பின்னாலேயே சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்த தம்பி அவள் பக்கத்தில் காலூன்றி நின்றான். எவ்வளவு கோபம் இருந்தாலும் தொழில்காரன் தொழில்காரன்தானே. "பாத்தியாக்கா, திரும்பி முடிச்சதும் எவ்வளவு அழகா அணைஞ்சுச்சு" என்றான்.

"சரி பண்ணாமலே விட்டிருக்கலாம்டா" என்றாள் அவள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "பாலம் வரைக்கும் தெரிஞ்சிருக்கும்."